இரவல் வெயில்

நாலு மணி வெயில் ஒருநாள் மேற்கே போகாமல் ஜெனோவா வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்ட சமாச்சாரத்தை நங்கூரத் தெருவில் யாரும் பெரிய அதிசயமாகச் சொல்லமாட்டார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை, தூத்துக்குடி உப்பளமெல்லாம் தண்ணிக்குள்ளே போய்விட்டது, கொடியில் போட்ட துணி நாள்கணக்காக ஈரம் சொட்டிக்கொண்டு கிடக்கிறது, இத்தனை தொல்லைக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் வெயில் மிஞ்சியது, அவ்வளவுதானே என்பார்கள். யாருக்கு எதில் ஆச்சரியம் வருகிறது என்று நாம் யார் சொல்வதற்கு? அதே தெருக்காரர்கள் ஜெனோவா சினிமாவில் நடிக்க ஆசைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டபோது மட்டும் வாயைப் பிளந்தார்கள்.

ஜெனோவாவுக்கு நாற்பத்தொரு வயது. பகலில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பாள், மற்ற நேரமெல்லாம் நடிப்பாள், யாரும் பார்க்காவிட்டாலும் நடிப்பாள், மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே நடிப்பாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் வெரோணிக்கம்மாள் வேஷம் அவளுக்குத்தான். சிலுவை சுமந்து வருகிற ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைக்க வேண்டும், துணியில் பதிந்த திருமுகத்தை ஜனங்களுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும், வசனம் கிடையாது. ஊரே கையெடுத்துக் கும்பிடும், மூக்கைச் சிந்தி அழும், ஆனால் அத்தனை பேர் கண்ணும் துணியில்தான் இருக்கும், துணிக்குப் பின்னால் ஜெனோவாவின் முகம் என்ன பாடு படுகிறது என்று ஒரு ஜீவன் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு நிறைய உண்டு. என் முகத்தை ஒருதரம், ஒரே ஒருதரம், நாலு பேர் ஒழுங்காகப் பார்க்கட்டும் என்பதுதான் அவள் கேட்டது. பேராசையா அது?

இப்போதெல்லாம் வேஷம் கேட்க யாரும் கம்பெனி கம்பெனியாகப் படியேற வேண்டாம். வீட்டிலேயே செல்போனைப் படுக்கை வசமாக நிறுத்தி, பெயர் வயது உயரம் சொல்லி, இடப்பக்கம் ஒருதரம் வலப்பக்கம் ஒருதரம் திரும்பிக் காட்டி, அவர்கள் அனுப்புகிற காட்சியை நடித்து அனுப்பிவிட்டால் போதும். செல்ஃப் டேப் என்று அதற்குப் பெயர். ஜெனோவாவும் அனுப்பினாள், அனுப்பிக்கொண்டே இருந்தாள், அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலெல்லாம் ஒரே பதில்தான்: முகம் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் கண்ணுக்கடியில் குழி விழுகிறது, போனில் கறுப்புக் கோடு கோடாக ஓடுகிறது. ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் கரிச்சட்டி. வளையமாக ஒரு லைட் வாங்கி வைத்தாள், அது அவள் மூக்குக்கண்ணாடியில் ரெண்டு வளையமாக உட்கார்ந்துகொண்டு அவளைப் பேசவிடவில்லை. கிறிஸ்மஸ் குடில் கட்டுகிற தெர்மாகோல் அட்டையைப் பரணிலிருந்து இறக்கி, சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, நாற்காலியில் சாய்த்து வைத்து, அது சரிந்து, அதைத் தூக்கிவைத்து, அப்பாடா என்று ஆரம்பித்தால் எதிர்வசனம் படிக்கிற புருஷன் கஸ்பார் இருக்கிறானே, அவன் துறைமுக வாசலில் கன்டெய்னர் நம்பர் கூவிக் கூவிப் பழகினவன், கொலைகாரன் வசனத்தையும் காதலன் வசனத்தையும் அதே கன்டெய்னர் நம்பர் மாதிரிதான் படிப்பான். "இதுக்கு மேல என்னத்த படிக்க? எழுதினத படிக்கேன்," என்பான். நல்லவன்தான், குறை சொல்லக்கூடாது.

அன்றைக்கு மத்தியானம் மழை கொஞ்சம் வாயை மூடியது. நாலு மணிக்கு மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, வெயில் பின்னறை ஜன்னல் வழியாக இறங்கி, வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கட்டும் என்று ஜெனோவா எதிரே கட்டியிருந்த வெள்ளை பெட்ஷீட்டில் ஒரு கதவு அளவுக்கு வந்து சாய்ந்தது. அப்படி ஒரு பதமான வெளிச்சம் அவள் முகத்தில் அதுவரை விழுந்ததில்லை. இந்த வெயில் எத்தனை நிமிஷத்துக்கு நிற்குமோ?

"கொஞ்சம் இரு தாயி, இந்த ஒரு டேக் முடிச்சிக்கிடுதேன்," என்று வெயிலைப் பார்த்துச் சொன்னாள், ஆள் வருகிறார் என்று கண்டக்டரிடம் சொல்வது மாதிரி.

வெயில் இருந்தது. கஸ்பார் ஒரு வரியை விழுங்கிவிட்டான், இன்னொரு டேக் எடுத்தாள், அதற்கும் இருந்தது. வெளியே இருட்டி, தெருவிளக்கு எரிந்து, மறுபடி மழை பிடித்துக்கொண்ட பிறகும் இருந்தது. கஸ்பார் ஜன்னலைச் சாத்திப் பார்த்தான், பெட்ஷீட்டை உதறிப் பார்த்தான், அது பாட்டுக்கு மஞ்சளாக, கதகதப்பாக, சாயங்காலம் நாலு மணியாகவே இருந்தது.

"தூங்கணும்லா, இத என்ன செய்ய?" என்றான்.

"மடிச்சு பீரோல வைங்க," என்றாள் ஜெனோவா.

மடித்து வைத்தார்கள். பீரோ இடுக்கில் கொஞ்சம் கசிந்தது, மற்றபடி தொந்தரவு இல்லை. அவள் அனுப்பிய டேப்புக்கு மறுநாளே பதில் வந்தது: அந்த வேஷம் வேறு ஆளுக்குப் போய்விட்டது, ஆனால் முகம் நன்றாகத் தெரிகிறது, இன்னொரு படத்துக்கு உங்களைக் கூப்பிடுவோம், தயாராக இருங்கள். முகம் நன்றாகத் தெரிகிறது! ஜெனோவா அதை வாசித்துவிட்டு நேரே பீரோவைத் திறந்து பெட்ஷீட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

வெயில் இருக்கிற வீடு எத்தனை நாள் ஊருக்குத் தெரியாமல் இருக்கும்? முதலில் அடுத்த வீட்டு ஃபிலோமி மைனி, தெருவுக்கே அண்ணி முறை, ஈரப் பள்ளிச் சீருடை ரெண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள், பெட்ஷீட்டைக் கையால் தொட்டாள், "துணி காய நல்ல காய்ச்சல்தான் பிள்ளே," என்று சொல்லிச் சீருடையை அதன் முன்னால் விரித்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? நெத்திலிக் கருவாடு வந்தது, மிளகாய் வற்றல் வந்தது, நனைந்துபோன கல்யாணப் பத்திரிகை வந்தது, தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலை விரித்துக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், ஓடவில்லை, டீயைக் குடித்துவிட்டு நல்லது என்று போனார். பங்குச் சாமியாரிடம் இது என்ன ஏது என்று கேட்டதற்கு அவர் நீண்ட நேரம் யோசித்து, அவசரப்பட்டு எதுவும் சொல்லக்கூடாது என்று சொல்லி, மறுநாள் தன் ஈர அங்கியைக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வசம் கொடுத்தனுப்பினார்.

தெருவின் அன்பியத்துக்கு, அதாவது கூட்டு ஜெபக் குழுவுக்கு, தலைவரான தொம்மை அண்ணன் மட்டும் உட்கார்ந்து யோசித்து ஒரு நியாயம் சொன்னார். "துணியில ஆண்டவரு முகம் பதியும், அதை நம்புவோம். வெயிலு பதிஞ்சா மட்டும் நம்பமாட்டமா?" அதோடு சர்ச்சை ஓய்ந்தது. ஒரே வீட்டில் எல்லோரும் போய் முட்டிக்கொண்டால் ஜெனோவாவுக்கும் சிரமம், கருவாட்டு நாற்றம் வேறு, ஆகவே வெயிலை வீடு வீடாக அனுப்பிவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். போன மாதம்தான் ஜெபமாலை மாதா சுரூபம் அப்படி வீட்டுக்கு ஒருநாளாகப் போய்த் திரும்பியிருந்தது, அதனால் யாருக்கும் எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குடை பிடித்து, முன்னால் ஒருத்தர் மெழுகுவத்தி பிடித்து, மடித்த பெட்ஷீட்டைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணிக்குள் நடந்தார்கள், வாங்குகிற வீட்டில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, சுண்டல், கடுங்காப்பி. தெருவின் வடக்குப் பக்கமாகப் போய்த் தெற்குப் பக்கமாகத் திரும்பி, கடைசியாக ஃபிலோமி மைனி வீடு, அதற்குப் பிறகு ஜெனோவா. வெயில் யார் வீட்டுக்கு வந்ததோ அவர்கள் கடைசியில்தானே வாங்கவேண்டும், அதுதானே மரியாதை? ஜெனோவாவும் தலையாட்டிவிட்டாள். அப்போது அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அவசரம் வியாழக்கிழமை வந்தது. கூப்பிடுவோம் என்றவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். இது கும்பலில் ஒருத்தி இல்லை, பெயர் உள்ள வேஷம், கதையே அவள்மேல்தான் நிற்கிறது: தனக்கென்று இருந்த ஒரே வீட்டைக் கொளுத்திய கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிற தங்கை. கோர்ட்டு வாசலில் அண்ணன் மறித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொல்லு பார்க்கலாம் என்கிறான். அவள் அவனைப் பார்த்தே சொல்கிறாள். சனிக்கிழமை ஆறு மணிக்குள் டேப் வந்தாக வேண்டும், அதற்குமேல் பார்க்கமாட்டோம் என்று கண்டிப்பாக எழுதியிருந்தது. ஜெனோவா வசனத்தை வாசித்தாள், வாசித்துவிட்டுச் சுவரைப் பார்த்து ஒருதரம் சொன்னாள், உடம்பெல்லாம் புல்லரித்தது. இது என் வேஷம், வேறு எவளுக்கும் இது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சில விஷயம் அப்படித் தெரியும்.

நேரே தொம்மை அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, வெயிலு எனக்கு இன்னைக்கு வேணும்."

"இன்னைக்கு ரோஸ்லின் வீட்டுலம்மா. பச்சப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, இளவெயிலு காட்டணும்னு டாக்டரு சொல்லிருக்காரு. நீ போய்க் கேளு, தருவா. உன் வெயிலுதானே."

ஜெனோவா ரோஸ்லின் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே ஈரமில்லாத பாயில், அந்த நாலு மணி வெளிச்சத்தில், பிறந்து கண்ணைக்கூட முழுசாகத் திறக்காத ஒரு பொடிசு கையைக் காலை உதறிக்கொண்டு கிடந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் அதன் பாதத்தில் ஒரு விரலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஃபிலோமி மைனி வீடு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தன் கைக்கு வந்துவிடும், சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கிறது, போதும். பயப்பட ஒன்றுமில்லை.

இங்கேதான் ஃபிலோமி மைனியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபிலோமி மைனி சுத்தக்காரி. இரவல் வாங்கின பாத்திரத்தைத் தேய்த்து முகம் தெரிகிறாற்போல விளக்கி, அதில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள், வெறும் பாத்திரம் அவள் வீட்டுப் படி தாண்டாது. அப்படிப்பட்டவள் கைக்கு அந்தப் பெட்ஷீட் வந்துசேர்ந்தபோது அதில் கருவாட்டு வாடை, மிளகாய்க் கறை, காப்பிக் கறை, ரோஸ்லின் பிள்ளை போன மூத்திரம், சொல்லத் தரமில்லை. நாளைக்கு ஒருத்தி இதை வைத்துக்கொண்டு சினிமாவுக்கு நடிக்கப் போகிறாள், இந்தக் கோலத்திலா கொடுப்பது? என்ன நினைப்பாள்?

சனிக்கிழமை மத்தியானம் பெட்ஷீட் வந்தது. இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை பிடித்து மடித்து, மேலே ஒரு பொட்டலம் சீனி வைத்து, மைனி அதைத் தாம்பாளத்தோடு நீட்டினாள், முகமெல்லாம் பெருமை.

ஜெனோவா வாங்கினாள். துணி சில்லென்று இருந்தது. விரித்தாள். பால் மாதிரி வெள்ளை, நல்ல சோப்பு வாசம், அவ்வளவுதான். உதறினாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு வெயில் இல்லை.

"மைனி, துவச்சியளா?"

"பின்னே? காலையிலதான் சொட்டுநீலம் போட்டு ரெண்டு தரம் அலசினேன் பிள்ளே. அந்தத் தண்ணிதான் என்னமோ தகதகன்னு..." என்று ஆரம்பித்த ஃபிலோமி மைனிக்குப் பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜெனோவா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "சரி மைனி, போங்க," என்று மட்டும் சொன்னாள். கஸ்பார் டியூப் லைட்டைப் போட்டான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தான். வெளியே மேகம் மூடி, மணி நாலுகூட ஆகவில்லை, விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு.

அப்போதுதான் தெருவில் தொம்மை அண்ணன் சத்தம் கேட்டது. "ஏ ஜெனோவா! வெளியே வாம்மா! கீழ பாரு!"

அலசின தண்ணியை மைனி எப்போதும் போலக் கொல்லைப்புறமாகக் கொட்டியிருந்தாள். அது வாய்க்காலில் ஓடி, வாய்க்கால் அடைத்துக்கொண்டு, தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கியிருந்த மழைத்தண்ணியோடு கலந்துவிட்டது. பகலில் தெரியாதது, இருட்டினதும் தெரு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தண்ணி வெளிச்சமாக நின்றது. நீலம் பட்டதில் நாலு மணி மஞ்சள் போய், காலை ஒன்பது மணி மாதிரி தெளிந்த வெள்ளை. ஜனங்கள் வீட்டுப்படியில் நின்று, அடடே, எலிப்பொந்துகூடத் தெரியுதே என்று பேசிக்கொண்டார்கள். அதே நேரம் தெருக்கோடியில் மாநகராட்சி மோட்டார் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. தண்ணியை இறைத்துக் கடலில் விடுகிற மோட்டார். அது நல்ல காரியம், எத்தனை நாளாக மனுக் கொடுத்துக் கேட்டது, இப்போது போய் யார் நிறுத்தச் சொல்வது?

ஜெனோவா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கினாள். கஸ்பார் போனில் ஒருதரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வெளிச்சம் கீழேயிருந்து அடித்தால் மோவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரியும், பேய்ப் படத்துக்கு ஆகும்.

"மேல ஏத்தி இறக்கணும்," என்றாள் ஜெனோவா. அவள் குரல் மாறிவிட்டது. இத்தனை வருஷம் ஒரு வெளிச்சத்துக்காகத் தவங்கிடந்தவளுக்கு அதை என்ன செய்வது என்று தெரியாதா? "தொம்மை அண்ணே, நற்கருணைப் பவனிக்குப் பிடிக்கிற விதானக் கம்பு உங்க வீட்டுலதானே இருக்கு? நாலையும் எடுங்க. என் பெட்ஷீட்டை அதுல கட்டுங்க. குடில் தெர்மாகோல் யார் யார் வீட்டுல இருக்கோ கொண்டு வாங்க. சீக்கிரம்!"

அந்தத் தெரு அன்றைக்கு ஓடின ஓட்டம் இருக்கிறதே! கிறிஸ்மஸுக்கென்று முன்கூட்டியே வெள்ளையடித்திருந்த ஃபிலோமி மைனி வீட்டுச் சுவர்தான் பின்னணி. நாலு மூலைக்கு நாலு பேர் கம்பு பிடித்தார்கள், அதில் ஒருவன் கஸ்பார். தண்ணியிலிருந்து எழும்பின வெளிச்சம் தலைக்குமேலே பெட்ஷீட்டில் போய் முட்டி, அங்கிருந்து மெதுவாக அவள் முகத்தில் இறங்கியது. பக்கத்துக்கு ரெண்டு பேர் தெர்மாகோலைப் பிடிக்க, கன்னத்தில் இருந்த நிழலும் கரைந்தது. முக்காலிமேல் முக்காலி போட்டுப் போனை நிறுத்தினார்கள், தூறல் விழாமல் அதற்குக் குடை பிடிக்க ஃபிலோமி மைனி தானாக வந்து நின்றாள். தண்ணி அதற்குள் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. ஒரு டேக்தான். ரெண்டாவது கிடையாது.

"ஜெனோவா. நாற்பத்தொரு வயசு. அஞ்சடி ரெண்டங்குலம்." இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். நேரே நின்றாள்.

நடிக்கும்போது கண் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு எப்போதும் கஸ்பார் போனுக்குப் பக்கத்தில் முஷ்டியைத் தூக்கிப் பிடிப்பான். இன்று அவன் ரெண்டு கையும் கம்பில். அந்த இடத்தில் ஃபிலோமி மைனியின் முகம் இருந்தது.

"என்னைப் பாத்துச் சொல்லு பாக்கலாம்," என்றான் கஸ்பார், கன்டெய்னர் நம்பர் மாதிரி.

"உன்னைப் பாத்துத்தான் சொல்லுதேன்," என்றாள் ஜெனோவா, மைனியைப் பார்த்து. "நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன். இத்தனை நாள் எனக்குன்னு நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? இது ஒண்ணுதானே எனக்குன்னு இருந்துச்சு. இதையும் இல்லாம ஆக்கிட்டியே."

எழுதினது எழுதினபடிதான் சொன்னாள், ஒரு எழுத்து மாற்றவில்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து விழுங்கினாளே, அது அத்தனையும் அந்த முகத்தில் வந்து நின்றது. அடுத்து கஸ்பார், நான் எதுவும் செய்யல, என்று சொல்லவேண்டும். அவன் வாயைத் திறப்பதற்குள் ஃபிலோமி மைனி உடைந்துவிட்டாள்.

"நாந்தாம்மா செஞ்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்."

கஸ்பார் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான இடத்தில் வாயை மூடிக்கொண்டான். பெட்ஷீட்டில் வெளிச்சம் மெலிந்துகொண்டே வந்தது, நிறுத்தினால் போச்சு. ஜெனோவா நிறுத்தவில்லை. குடைக்காம்பைப் பிடித்திருந்த மைனியின் கையைப் பார்த்தாள், விரல் இடுக்கெல்லாம் இன்னும் நீலம் போகாமல் இருந்தது. இனி நீ எனக்கு அண்ணனே இல்லை என்பதுதான் எழுதியிருந்த கடைசி வரி. அது அவள் வாயில் வரவில்லை. கோபம் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது, இறங்குவது நன்றாகத் தெரிந்தது.

"அழாதீங்க மைனி," என்றாள். "செஞ்சத செஞ்சேன்னு சொல்லிட்டியள்லா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

மோட்டார் கடைசித் தண்ணியை உறிஞ்சி இழுத்தது. தெரு இருட்டாகிவிட்டது. தொம்மை அண்ணன் தெர்மாகோலைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயய்யோ, மைனின்னு சொல்லிட்டே," என்றான் கஸ்பார். "அங்க அண்ணன்லா வரணும்? திருப்பிப் போட்டுப் பாரு, எங்கயாவது வெட்டி எடுக்கலாமா?"

"வேண்டாம். வந்துட்டு," என்றாள் ஜெனோவா. எப்போதும் பத்துத் தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கிறவள், அன்று ஒருதடவைகூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

வெயில் கடலுக்குப் போய்விட்டது. ஞாயிறு கழிந்து கடலில் மீன் பிடிக்கப் போனவர்கள் கரையோரத் தண்ணி கொஞ்சம் கதகதப்பாக இருந்ததாகச் சொன்னார்கள், மீன்பாடு நன்றாக இருந்ததாம். ரோஸ்லின் பிள்ளைக்கு மஞ்சள் இறங்கிவிட்டது. துணி காயவில்லை என்கிற புலம்பல் மறுபடி ஆரம்பமானது.

போன் திங்கட்கிழமை வந்தது, ஸ்கேன் சென்டரில் கூட்டம் நெரிகிற நேரத்தில். டோக்கன் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஜெனோவா எடுத்தாள். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எழுதினவரும் டைரக்டரும் மூணு தடவை பார்த்தாங்க. அந்த 'மைனி'யை வெட்டக்கூடாதுன்னுட்டாங்க. அண்ணனை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு மைனியையே எழுதப் போறாங்களாம், கதையே மாறுது. வேஷம் உங்களுக்குத்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நிஜமாச் சொல்றேன், நேத்துலேருந்து உங்க முகம் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குதுங்க."

"போகாது மேடம்," என்றாள் ஜெனோவா. "என்னைக்கு வரணும்னு சொல்லுங்க."